கோட்டைக்குப்பம் கரைக்கு ஒரு ராடும் ரீலும்

ராடு வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிலோ மீன் தாங்கும்?" என்பதுதான். ஸ்விம்பெயிட் வீசுவதற்காக வாங்குகிறவர் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். அவர் முதலில் கேட்க வேண்டியது, "எத்தனை கிராம் வீசும்?" மீனின் பாரத்தை ரீலின் பிரேக்கான டிராக்கும் நரம்பும் பங்கு போட்டுக்கொள்ளும். செயற்கை இரையான லூரின் பாரமோ முழுக்க ராட்டின் தலையில் விழுகிறது. மீன் எப்போதாவது கடிக்கும். லூரை விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை வீசிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த எடைக்குப் பொருந்தாத ராடு உங்கள் தோளையும் மணிக்கட்டையும் ஒரே காலையில் களைப்பாக்கிவிடும். லூரும் போக வேண்டிய இடத்துக்குப் போகாது.

ஸ்விம்பெயிட் என்பது நீந்தும் மீனைப் போலச் செய்த செயற்கை இரை. மென்மையான பிளாஸ்டிக்கில் உடம்பை வார்த்து, வாலைத் துடுப்பு மாதிரி தட்டையாக விட்டிருப்பார்கள். இழுக்கும்போது வால் இடமும் வலமும் அடிக்க, உடம்பும் கூடவே லேசாகப் புரளும். கெட்டிப் பிளாஸ்டிக்கிலோ மரத்திலோ இரண்டு மூன்று துண்டுகளை மூட்டுப் போட்டுச் செய்த வகையும் உண்டு. கோட்டைக்குப்பம் இருக்கும் பழவேற்காடு ஏரிக்கு மென்மையான வகையே போதும் என்பது என் முடிவு. கழிமுகத்துச் சேற்றிலும் சிப்பிப் படுகையிலும் லூர் போகத்தான் செய்யும். விலை குறைந்தது போனால் அடுத்த வாரமும் வர மனம் வரும்.

இந்த அத்தியாயத்தில் குறி வைக்கும் மீன் கொடுவா. காலாவும் பாரையும் சங்கராவும் அதே லூரை அடிக்கலாம். ஆனால் கருவியைக் கொடுவாவுக்காகத் தேர்ந்தெடுத்தால் மற்றவையும் அதிலேயே அடங்கிவிடும்.

மடவையின் அளவில் தொடங்குங்கள்

ஸ்விம்பெயிட் வீடியோக்களைப் பார்த்தால் முழங்கை நீள லூர்களும், அவற்றை இரண்டு கையாலும் பிடித்து வீசும் தடித்த ராடுகளும்தான் கண்ணில் படும். அந்தக் கருவிகள் வளர்ந்த இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா. அங்கே காஸ்டெயிக் போன்ற நீர்த்தேக்கங்களில் பண்ணையில் வளர்த்த டிரவுட் மீன்களைக் கொண்டுவந்து விடுவார்கள். அவற்றைத் தின்று கொழுத்த பாஸ் மீன்களைப் பிடிக்க, டிரவுட் அளவிலேயே லூர் தேவைப்பட்டது. 8 அங்குலம், 10 அங்குலம், 150 கிராமுக்கு மேல் என்று லூர் பெருத்தது. அதை வீச ராடும் பெருத்தது, ரீலும் பெருத்தது. அந்த ஏரிக்கு அது நியாயம்.

பழவேற்காட்டுக் கொடுவாவின் தீனி வேறு. இறால், மடவைக் குஞ்சு, இன்னும் சின்னச் சின்ன மீன்கள். அமைதியான காலையில் கோட்டைக்குப்பம் கரையோரம் சற்று நேரம் நின்று தண்ணீரைப் பாருங்கள். மடவைக் கூட்டம் மேல்மட்டத்தில் மூக்கை நீட்டியபடி சுருக்கம் சுருக்கமாகக் கோடு போட்டுக்கொண்டு நகரும். அதில் பெரும்பாலானவை உள்ளங்கையில் அடங்கும். திடீரென்று அந்தக் கூட்டம் ஒரு பக்கமாகச் சிதறித் துள்ளினால் கீழே ஏதோ வந்திருக்கிறது என்று பொருள். நீங்கள் வாங்க வேண்டிய லூரின் நீளம் அந்த மடவையின் நீளம்தான்: 10 முதல் 13 சென்டிமீட்டர், அதாவது 4 அங்குலத்திலிருந்து 5 அங்குலம்.

இனி எடைக்கு வருவோம். 4 அங்குல உடம்பை, ஈயத்தலையோடு கூடிய கொக்கியான 10 கிராம் ஜிக் ஹெட்டில் கோத்தால் மொத்தம் 20 கிராமை ஒட்டி வரும். ஈயத்தை உள்ளேயே வைத்து வார்த்த 5 அங்குல லூர் 30 முதல் 40 கிராம் இருக்கும். பாக்கெட்டில் போட்டிருக்கும் எடை சில நிறுவனங்களில் உடம்புக்கு மட்டும், சிலவற்றில் ஜிக் ஹெட்டும் சேர்த்து. வீட்டுச் சமையலறைத் தராசில் கோத்தபடியே நிறுத்துப் பார்த்துவிடுங்கள். அந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். ராடு வாங்குவதற்குக் கையில் இருக்க வேண்டிய முதல் தகவல் அது.

இதற்கு மேல் கனமான ஈயம் இங்கே வேண்டாம். பழவேற்காடு ஏரி பரப்பில் பெரியது. சில்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்புநீர் ஏரி. ஆழத்திலோ பெரும்பகுதி இடுப்பளவு, மார்பளவுதான். முகத்துவாரத்தை ஒட்டித்தான் கொஞ்சம் ஆழம் கிடைக்கும். 28 கிராம் ஜிக் ஹெட்டைப் போட்டால் விழுந்த உடனே அடியில் உட்கார்ந்து சேற்றை உழும், அல்லது சிப்பியில் மாட்டும். 7 கிராமிலிருந்து 14 கிராமுக்குள் நின்றுகொள்ளுங்கள். முகத்துவாரத்தில் ஓத வெள்ளம் வலுவாக ஓடும் நேரத்தில் மட்டும் 20 கிராம் வரை போகலாம்.

ஆக, நீங்கள் வீசப் போகும் மொத்த எடை 15 முதல் 45 கிராம். இந்த இரண்டு எண்களைத்தான் ராட்டில் தேடப் போகிறோம்.

ராட்டின் மேல் அச்சடித்திருப்பது

எந்த நல்ல ராட்டிலும் கைப்பிடிக்கு மேலே ஒரு வரி இருக்கும். நீளம், பலம், லூர் எடை, நரம்பின் அளவு நான்கும் அந்த ஒரே வரியில் இருக்கும். லூர் எடை கிராமிலோ அவுன்ஸிலோ இருக்கும். ஒரு அவுன்ஸ் 28 கிராமுக்குச் சற்று அதிகம். அந்த வரியே இல்லாத ராட்டை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், திருப்பி வைத்துவிடுங்கள்.

நமக்கு வேண்டியது 15–60 கிராம் அல்லது அதை ஒட்டிய அளவு. அச்சடித்த இரண்டு எல்லைகளிலும் ராடு ஒரே மாதிரி வேலை செய்யாது. 60 கிராம் என்று போட்ட ராடு 60 கிராமையும் வீசும், ஆனால் முழு பலத்தோடு சுழற்றி வீசினால் நுனி திணறும். நடுவில் இருக்கும் 25, 30, 40 கிராம்தான் அதற்குச் சுகம். நம் லூர்களும் அங்கேதான் இருக்கின்றன. 40–150 கிராம் என்று போட்ட ராட்டைப் "பெரிய மீனுக்கு நல்லது" என்று யாராவது கையில் கொடுத்தால் வாங்காதீர்கள். 20 கிராம் லூருக்கு அது வளையவே வளையாது. ராடு வளைந்து நிமிரும் வேகத்தில்தான் லூர் பறக்கிறது. வளையாத ராட்டில் எறிவது உங்கள் கை மட்டுமே.

பலத்தைக் குறிக்க எம்., எம்.எச்., எச். என்று எழுத்துகள் இருக்கும். எம். மீடியம், எம்.எச். மீடியம் ஹெவி, எச். ஹெவி. இது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒருவருடைய மீடியம் ஹெவி இன்னொருவருடைய ஹெவி. அதனால் எழுத்தை விட்டுவிட்டுக் கிராமை நம்புங்கள். பெரும்பாலும் எம்.எச். என்ற எழுத்தில்தான் நம் எடை வந்து நிற்கும்.

ஆக்‌ஷன் என்று சொல்வது வேறு. பாரம் வந்ததும் ராடு எங்கிருந்து வளைகிறது என்பதுதான் அது. நுனி மட்டும் வளைந்தால் ஃபாஸ்ட். பாதிவரை வளைந்தால் மாடரேட். கொடுவா இரையைத் துரத்திக் கவ்வுவதைவிட, வாயை ஒரு நொடியில் திறந்து தண்ணீரோடு சேர்த்து உள்ளே உறிஞ்சுவதே அதிகம். நுனி முழுக்க விறைப்பாக இருந்தால், அந்த நொடியில் லூரை அதன் வாயிலிருந்து நீங்களே பிடுங்கிவிடுவீர்கள். முழுக்க இளகி வளையும் ராடும் ஆகாது. ஜிக் ஹெட்டில் இருப்பது ஒற்றைத் தடித்த கொக்கி, கொடுவாவின் வாயோ கெட்டியானது. கொக்கி உள்ளே இறங்க ராட்டின் அடிப்பாகத்தில் உரம் வேண்டும். நுனி இளகி, நடுவிலிருந்து கெட்டிப்படுகிற மாடரேட் ஃபாஸ்ட்தான் இதற்குத் தோது.

இதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். ரீலை மாட்டச் சொல்லுங்கள். நரம்பை வளையங்கள் வழியே கோத்து, நுனியில் உங்கள் 30 கிராம் லூரைக் கட்டித் தொங்கவிடுங்கள். ராட்டைக் கிடைமட்டமாகப் பிடித்தால் நுனி ஒரு சாண் நீளத்துக்கு மெல்லத் தலை சாய்க்க வேண்டும். அப்படியே நிமிர்ந்து நின்றால் ராடு கெட்டி. பாதிவரை குனிந்தால் ராடு மெலிது. பிறகு லூரைக் கழற்றிவிட்டு, நரம்பின் முனையைக் கூட வந்தவர் கையில் கொடுத்து மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். கைப்பிடிக்கு மேலே இருக்கும் பகுதி எப்போது வேலைக்கு வருகிறது என்பது அப்போது உங்கள் முழங்கைக்கே தெரியும்.

நீளத்தைத் தீர்மானிப்பது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது. படகில் நிற்பவருக்கு 6½ அடி, 7 அடி போதும். ஆனால் நான் இதைக் கரையில் நிற்பவருக்கு எழுதுகிறேன். 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் நாளில், பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பின் அங்கே உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. மீன் பிடிக்கும் ஆசையில், கொடுக்கிற காசுக்கு யாராவது ஏற்றிக்கொள்வார்கள் என்று லைஃப் ஜாக்கெட் இல்லாமல் படகில் ஏறுவதை நான் எந்தப் பக்கத்திலும் பரிந்துரைக்க மாட்டேன். கரையில் நின்றும் கொடுவா கிடைக்கும். வெள்ளம் உள்ளே ஏறும்போதும் வெளியே வடியும்போதும் அது விளிம்புக்கு வந்தே இரை தேடும்.

கரைக்கு 8 அடி. கடல் பக்கத்து மணலில் முகத்துவாரத்தை ஒட்டி மட்டுமே வீசப்போவதாக இருந்தால் 9 அடி. அலைக்கு மேலே நரம்பைத் தூக்கிப் பிடிக்க அந்த ஓரடி உதவும். இரண்டுக்கும் ஒன்றே வேண்டும் என்பவர் 8 அடியை எடுக்கட்டும். ஒற்றைத் துண்டாக வாங்க வேண்டாம். சென்னையிலிருந்து வருகிறவர்களில் பலர் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரிக்கு வந்து, அங்கிருந்து பழவேற்காடு பஸ் பிடிப்பார்கள். காலை நேரத்து ரயில் பெட்டியில் எட்டடிக் கம்போடு ஏறுவது உங்களுக்கும் தொல்லை, பக்கத்தில் நிற்பவருக்கும் தொல்லை. நடுவில் பிரியும் இரண்டு துண்டு ராடு வாங்குங்கள். மாட்டும் இடத்தை வாரத்துக்கு ஒருமுறை துடைத்து, வீசும்போது அரைமணிக்கு ஒருதரம் இறுக்கிப் பாருங்கள். இரண்டு துண்டு ராடு ஒடிவது பெரும்பாலும் அந்த மாட்டுவாய் தளர்ந்துபோய்த்தான்.

நரம்பு ஓடும் வளையங்களை உற்றுப் பாருங்கள். உள்ளே வழவழப்பான பீங்கான் வளையமும், வெளியே உப்புக்குத் துருப்பிடிக்காத சட்டமும் இருக்க வேண்டும். ஒவ்வொரு வளையத்திலும் ஒரு துளி பஞ்சைச் சுற்றி இழுத்துப் பாருங்கள். எங்காவது பஞ்சின் இழை மாட்டினால் அங்கே கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது. பின்னல் நரம்பான பிரெய்டு அந்த இடத்தில் தினம் கொஞ்சம் தேய்ந்து, நல்ல மீன் மாட்டிய அன்றைக்கு அறுந்துவிடும். கைப்பிடி கார்க்கைவிட ஈ.வி.ஏ. நுரையாக இருப்பது மேல். மீன் சளியும் உப்பும் பட்டால் கழுவ எளிது.

உப்பில் உழைக்கும் ரீல்

கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கை ரீலுக்கு ஒதுக்குங்கள். பத்தாயிரம் ரூபாய் இருந்தால் ஆறாயிரம் ரீலுக்கு, மீதியில் ராடும் நரம்பும். நடுத்தர விலை ராடு ஒழுங்காக வைத்துக்கொண்டால் பல வருஷம் வரும். மட்டமான ரீல் பழவேற்காட்டு உப்பில் ஒரு பருவத்தைத் தாண்டாது. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும்போது ஏரி சற்று இனிக்கும். கோடையில் ஆற்று நீர் நின்று, வெயில் காய்ந்து, முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு அடைபடும் காலத்தில் ஏரியின் சில பகுதிகளில் உப்பு கடலையே மிஞ்சும். அந்தத் தண்ணீர் ரீலுக்குள் ஒரு சொட்டுப் போய்க் காய்ந்தால் பேரிங் கரகரக்கத் தொடங்கும்.

ஸ்பின்னிங் ரீலா, பெயிட்காஸ்டரா? பெரிய ஸ்விம்பெயிட்டுக்குப் பெயிட்காஸ்டர்தான் என்று பலரும் சொல்வார்கள். 60 கிராமைத் தாண்டிய லூருக்கு அது உண்மை. ஸ்பூலைக் கட்டைவிரலால் அடக்கி, கனமான லூரை வைத்த இடத்தில் வைக்கலாம். தடித்த நரம்பும் அதில் நன்றாக உட்காரும். ஆனால் நம் லூர் 15 முதல் 45 கிராம். அதோடு பழவேற்காட்டில் காலை ஏறியதும் கடல்காற்று முகத்துக்கு நேரே எழும். எதிர்காற்றில் லூர் வேகம் குறையும், ஸ்பூல் குறையாது; நரம்பு குருவிக்கூடாகச் சிக்கிக்கொள்ளும். அதைப் பிரித்தெடுப்பதற்குள் வெள்ளம் மாறிவிடும். முதல் ரீல் வாங்குகிறவருக்கு ஸ்பின்னிங் என்றே சொல்வேன். பெயிட்காஸ்டர் பழகியவர்கள் 300 அளவில் உப்புநீருக்கென்று செய்ததை எடுக்கட்டும்.

ஸ்பின்னிங்கில் 4000 அளவு. இந்த எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் இரண்டு விஷயத்தைச் சரிபாருங்கள்: ரீலின் எடை 300 முதல் 400 கிராமுக்குள் இருக்க வேண்டும், பி.இ. 2 தடிமன் பிரெய்டு நரம்பு 200 மீட்டருக்குக் குறையாமல் கொள்ள வேண்டும். 6000, 8000 எல்லாம் கடலில் படகிலிருந்து பெரிய பாரைக்கும் சூரைக்கும். எட்டடி ராட்டில் அதை மாட்டினால் கைப்பிடி பக்கம் கனத்து, மணிக்கட்டு நோகும்.

கியர் விகிதம் என்று 5.2, 6.2 என்று எழுதியிருப்பார்கள். கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் ரோட்டர் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது அது. ஸ்பூலின் விட்டம் 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்குச் சுமார் 16 சென்டிமீட்டர் நரம்பு ஏறும். 5.2 விகிதத்தில் ஒரு கைச்சுற்றுக்கு 82 சென்டிமீட்டர், 6.2 விகிதத்தில் 97 சென்டிமீட்டர். ஸ்விம்பெயிட்டை மெதுவாக இழுக்க வேண்டும். வால் அடித்தால் போதும். அதற்கு 5.2 வசதி. ஆனால் கொக்கி மாட்டிய கொடுவா சில நேரம் உங்களைப் பார்த்தே ஓடிவந்து, வாயை அகலத் திறந்து, தலையை உதறித் துள்ளும். நரம்பு தொய்ந்தால் அந்த உதறலில் லூர் கழன்றுவிடும். தொய்வை வாரிச் சுருட்ட 6.2 கைகொடுக்கும். மெதுவாகச் சுற்றுவது நம் கையில் இருக்கிறது, வேகம் ரீலில்தான் இருக்க வேண்டும். அதனால் 6.2 பக்கமே என் வாக்கு.

டிராக்குக்குப் பெரிய எண்ணைத் தேடாதீர்கள். பி.இ. 2 பிரெய்டு நரம்பு பொதுவாக 30 பவுண்டை ஒட்டி, அதாவது 13½ கிலோவுக்கு அறும். டிராக்கை அதில் கால்பங்குக்கு வைப்பது வழக்கம்: சுமார் 3½ கிலோ. பெட்டியில் 10 கிலோ, 12 கிலோ என்று போட்டிருந்தாலும் நீங்கள் உபயோகிக்கப் போவது இந்த 3½ கிலோதான். அந்த 3½ கிலோவில் அது வழவழவென்று ஓடுகிறதா, திக்கித் திக்கி ஓடுகிறதா என்பதே கேள்வி. கடையில் டிராக்கை ஓரளவு இறுக்கிவிட்டு நரம்பைக் கையால் இழுத்துப் பாருங்கள். முதலில் பிடித்துக்கொண்டு பிறகு வெடுக்கென்று விட்டால் அந்த ரீல் வேண்டாம். உள்ளே கார்பன் வாஷர் இருப்பது நல்லது. வீட்டில் ஒரு ஸ்பிரிங் தராசை நரம்பு நுனியில் கட்டி, ராட்டை வளைத்துப் பிடித்து இழுத்து, 3½ கிலோவில் டிராக் நழுவும்படி வைத்துக்கொள்ளுங்கள். கை உத்தேசத்தில் சொல்லும் கணக்கு பெரும்பாலும் பாதிக்குப் பாதி தப்பும்.

பெயர் கேட்பவர்களுக்காக: பென் ஸ்பின்ஃபிஷர் 6 வரிசை ஐ.பி.எக்ஸ் 5 தரத்தில் தண்ணீர் புகாமல் அடைத்துச் செய்தது. உப்பில் முரட்டு உழைப்புக்கு அதை நம்பலாம். அதே நிறுவனத்தின் பேட்டில், டைவாவின் பி.ஜி. இரண்டும் அதைவிடக் குறைந்த விலையில் கெட்டியான உலோக உடம்போடு வருபவை. ஷிமானோவில் உப்புநீருக்கு என்று குறிப்பிட்ட 4000 அளவு எதுவும் சரி. இவற்றுக்கு எட்டாத பணம் என்றால், பேரிங் எண்ணிக்கையைப் பெரிதாக விளம்பரம் செய்யும் பெயர் தெரியாத ரீலைவிட, பெயருள்ள நிறுவனத்தின் எளிய ரீலை வாங்குங்கள். உதிரிப் பாகம் கிடைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் டிராக்கை முழுக்க இறுக்கி, நல்ல தண்ணீரை மெல்லத் தூவிக் கழுவி, உதறி, துணியால் துடையுங்கள். குழாயைப் பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளேதான் போகும். பக்கெட்டில் முக்கவே கூடாது. காய்ந்தபின் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள்.

நரம்பும் லீடரும்

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பி.இ. 2 பிரெய்டு, 200 மீட்டர், வெளிர் நிறம். அதன் நுனியில் 40 பவுண்டு ஃப்ளோரோகார்பன் அல்லது தடித்த தங்கூசி ஒரு மீட்டர் லீடராக, எஃப்.ஜி. முடிச்சில். லீடரில் சிக்கனம் வேண்டாம். கொடுவாவின் வாயின் உட்புறம் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். செவுள் மூடியின் விளிம்போ கத்தி. அந்த விளிம்பில் வெறும் கையை வைக்காதீர்கள். கீழ்த்தாடையை லிப் கிரிப்பரால் பிடியுங்கள். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லீடரை விரலால் தடவிப் பார்த்து, சொரசொரத்த பகுதியை வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். சீலா நடமாடும் நாளில் மட்டும் ஒரு சாண் வயர்.

பலம் எதற்கு என்றால்

பி.இ. 1, மெல்லிய ராடு, 2500 ரீல் என்று இறங்கி "மீனோடு விளையாடுவது" சிலருக்குப் பிடிக்கும். குளத்தில் விரால் பிடிக்க அது சரியாக இருக்கலாம். கோட்டைக்குப்பத்தில் அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அதற்குக் காரணங்கள் உண்டு.

கொடுவா இளமையில் ஆண். வளர்ந்து பெரிதானபின் பெண்ணாக மாறுகிறது. 80 சென்டிமீட்டரைத் தாண்டிய மீன் கிடைத்தால் அது பெரும்பாலும் முட்டையிடப் போகும் தாய். இந்த மீனைச் சினைப்படுத்திக் குஞ்சு பொரிக்க வைக்க சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் பாடுபட்டு, 1997இல்தான் வெற்றி கண்டது. இயற்கையில் அந்த வேலையைத் தாய்மீன் தானாகச் செய்கிறது. அதைத் திரும்ப விட வேண்டுமானால் சீக்கிரம் கரை சேர்த்து, தண்ணீரிலேயே கொக்கியைக் கழற்ற வேண்டும். அரைமணி நேரம் இழுத்தடித்துக் களைத்த மீனை விட்டாலும் பிழைப்பது சந்தேகம்.

அடுத்தது வலை. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் முகத்துவாரத்தை ஒட்டிய நீர்ப்பகுதியைப் பாடு முறையில் பகிர்ந்துகொள்கிறார்கள். எந்த நாளில், எந்த இடத்தில், யார் கம்பு நட்டு வலை கட்டுவது என்பது முறை வைத்துத் தீர்மானமாகிறது. ஒருவருக்கு முறை வருவது சில நாள் விட்டுத்தான். அந்த ஒரு நாளின் இறால்தான் அவர் வீட்டுக்கு அரிசி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் செலவு. வலைக் கம்பைச் சுற்றித்தான் கொடுவாவும் நிற்கும், ஏனென்றால் இறால் அங்கே ஒதுங்குகிறது. மெல்லிய கருவியில் மாட்டிய கொடுவா முதல் ஓட்டத்திலேயே கம்புக்குள் புகுந்துவிடும். அப்புறம் உங்கள் பிரெய்டு அந்த வலையில் ரம்பம் போடும். நான் 15–60 கிராம் ராடு, பி.இ. 2, 3½ கிலோ டிராக் என்று சொன்னதற்கு லூரின் எடை முதல் காரணம் என்றால், மீனைத் திறந்த நீரிலேயே திருப்பி நிறுத்த முடிவது இரண்டாவது காரணம். கம்புக்கு ஐம்பது மீட்டருக்குள் வீசவே கூடாது என்பதை இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆழமில்லாத இடங்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இருளர் பெண்கள் தண்ணீரில் அமர்ந்தபடி கையால் துழாவி இறால் பிடித்து, பனையோலைப் பறியில் போட்டுக்கொண்டு மெல்ல நகர்ந்து வருவார்கள். தலை மட்டும்தான் வெளியே தெரியும். வெயில் மின்னும் தண்ணீரில் சட்டென்று கண்ணில் படாது. அவர்கள் தெரிந்த திசையில் 30 கிராம் லூரும் கொக்கியும் பறக்கவே கூடாது. அவர்கள் கடந்து போகும்வரை ராட்டைக் கீழே வையுங்கள்.

ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி பறவைகள் சரணாலயம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அங்கே செல்லும். தூண்டிலோடு வருவதற்கு முன் எந்தக் கரையில் நிற்கலாம், எங்கே கூடாது என்பதை வனத்துறையிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். பூநாரையும் கூழைக்கடாவும் இறங்கும் சேற்றுத் திட்டுகளின் பக்கம் போகவே வேண்டாம். வெட்டிய நரம்புத் துண்டு ஒரு விரல் நீளம் இருந்தாலும் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போங்கள். பறவையின் காலில் சுற்றினால் அது அவிழாது.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் என்றாவது ஒரு நாள் உங்கள் லூர் ஒரு வலையில் மாட்டும். இழுக்காதீர்கள். நரம்பை உங்கள் கைப்பக்கமே அறுத்துவிட்டு, வலைக்காரரைத் தேடிப் போய்ச் சொல்லுங்கள்; கண்ணி அறுந்திருந்தால் அவர் கேட்கும் தொகையைக் கொடுங்கள். அதைவிட நல்லது, காலையில் கரைக்கு வந்ததும், ரீலை ராட்டில் மாட்டுவதற்கு முன்னாலேயே, அங்கே வலை உலர்த்திக்கொண்டிருப்பவரிடம் போய், "அண்ணே, இன்னிக்கு எந்தப் பக்கம் வலை கட்டியிருக்கு?" என்று கேட்பது. அவர் காட்டுகிற பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கம் போய் வீசுங்கள்.